கைதியின் மரணமும் காவலரின் மரணமும்

சிறைக்குள் ஒரு கைதி தன் உயிரை மாய்த்துக்கொண்டால், 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போயாக வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். ஆண்டு முடிவில், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தில் அந்த மரணம் ஓர் எண்ணாக ஏறும். அதே சிறையின் காவலர் ஒருவர் இரவுப் பணி முடித்துக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி அதே முடிவை எடுத்தால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வழக்கு பதிவாகும். ‘குடும்பப் பிரச்சினை’, ‘கடன் தொல்லை’ என்று ஏதோ ஒன்றை எழுதிப் பெரும்பாலும் கோப்பை மூடிவிடுவார்கள். தற்கொலைகளைத் தொழில்வாரியாகப் பிரிக்கும் அட்டவணையில் ‘மாநில அரசு ஊழியர்’ என்ற பெரிய கட்டத்துக்குள் அவர் கலந்துவிடுவார். சிறைக்காவலர் என்று அங்கே தனி வரி கிடையாது.

இந்த இரண்டு மரணங்களையும் அருகருகே வைப்பது இரண்டும் ஒன்றே என்று சொல்வதற்காக அல்ல. சாவி ஒருவர் கையில் இருக்கிறது, மற்றவர் கையில் இல்லை. காவலர் விடுப்பு கேட்கலாம், ராஜினாமா எழுதலாம், பணி முடிந்ததும் பிள்ளையின் முகம் பார்க்கலாம். கைதிக்கு, வீட்டார் மனு பார்க்க வரும் நாள்வரை அதுகூட இல்லை. காவலரின் லத்தியும் வசவுமே கைதியை இந்த முடிவுக்குத் தள்ளுவதும் உண்டு. இதை மறைத்துவிட்டு ‘இருவருமே பாவம்’ என்று பேசினால் அது நேர்மையாகாது. ஆனாலும் ஒருவரின் மனநிலையைக் கைவிட்டுவிட்டு மற்றவரின் உயிரைக் காக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் கைதியின் பக்கம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சிறைகளில் 119 கைதிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். லட்சத்துக்கு ஏறத்தாழ 21 என்று கணக்கு வருகிறது. அதே ஆண்டில் நாட்டின் பொதுவான விகிதம் லட்சத்துக்கு 12.4. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவா ராய் குழு, 2017 முதல் 2021 வரை சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்த 817 பேரில் 660 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்று சொன்னது. ஐந்தில் நான்கு பங்கு. சிறையில் சாவு என்றதும் நம் மனம் அடிதடிக்கும் கொலைக்கும் போகிறது. இயற்கைக்கு மாறான சாவுகளில் அங்கே மனிதர்கள் அதிகமும் தங்கள் கையாலேயே சாகிறார்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்த விஷயம். 27 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த கட்டுரை ஒன்று இருக்கிறது. தனிச்செல்லில் இருப்பவருக்கு ஆபத்து ஏறத்தாழ ஏழு மடங்கு, தீர்ப்பு வராத விசாரணைக் கைதிக்கு மூன்றரை மடங்கு, பார்க்க யாருமே வராதவருக்கு இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்கிறது அது. உள்ளே வந்த முதல் இரவும் அடுத்த சில நாட்களும் மிக மோசமானவை. வெட்கம், வீட்டு நினைவு, போதையோ குடியோ திடீரென நின்றுபோனதால் வரும் நடுக்கம், ஜாமீன் கிடைக்குமா என்ற கேள்வி எல்லாம் ஒரே இரவில் சேர்ந்து வருகின்றன. இந்தியக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் இருப்பவர்கள் ஏறத்தாழ 85,000 பேர்தான். 2016இல் மட்டும் அங்கே 120 பேர் அளவுக்குத் தங்களை மாய்த்துக்கொண்டார்கள். மருத்துவரும் மனநலச் செவிலியரும் நம்மைவிடப் பல மடங்கு இருந்தும் விகிதம் நம்மைவிடப் பல மடங்கு அதிகம். நம் சிறைகளில் 2022இல் நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் படுத்திருந்தார்கள். அந்த நெரிசலில் யாரும் தனியாக இருப்பதில்லை. பக்கத்துப் பாயில் இருப்பவர் விழித்திருந்து பார்த்துவிடுகிறார், பேச்சுக் கொடுக்கிறார். எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சிறைத் துறை இதைத் தன் சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. கைதிகள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வதுதான் இது.

காவலரின் பக்கம் வரும்போது இந்தியாவை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது. இங்கே எண்ணுவதற்கு ஆள் இல்லை. அமெரிக்காவில் எண்ணியிருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2010 முதல் 2015 வரை 20 சிறைக்காவலர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நடாஷா ஃப்ராஸ்டும் அவருடன் ஆய்வு செய்த கார்லோஸ் மான்டெய்ரோவும் இறந்தவர்களின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் தேடிப் போய்ப் பேசினார்கள். அவர்கள் கணக்கிட்ட விகிதம் லட்சத்துக்கு 105. அந்நாட்டின் பொது விகிதம் 14, அந்த மாநிலத்தில் 9. நியூஜெர்சியிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 2003 முதல் 2007 வரை அங்கே சிறைக்காவலர்களின் விகிதம் லட்சத்துக்கு 34.8, தெருவில் துப்பாக்கியோடு திரியும் போலீஸாருக்கு 15.1. குற்றவாளியைத் துரத்திப் பிடிப்பவரைவிட, பிடிபட்டவரோடு நாள் முழுவதும் இருப்பவருக்கு ஆபத்து இரு மடங்குக்கு மேல்.

காலம் இரண்டு பேரையும் வேறு வேறு விதமாகத் தாக்குகிறது. கைதியை முதல் நாட்கள் உடைக்கின்றன. காவலருக்கு அது மெல்லச் சேர்கிறது. உயிரற்ற உடலைக் கண்டெடுப்பவர் அவர்தான், முதலுதவி செய்து தோற்பவரும் அவர்தான். அடுத்த ஷிஃப்டில் அதே வராந்தாவில் நடக்க வேண்டும். நாள் முழுவதும் யாரையும் நம்பாமல் இருக்கப் பழகியவர், வீட்டிலும் மனைவி மக்களிடம் அப்படியே பேச ஆரம்பிக்கிறார். ‘நாங்களும் ஆயுள் தண்டனைதான் அனுபவிக்கிறோம், எட்டெட்டு மணி நேரமாக’ என்பது அமெரிக்கச் சிறைக்காவலர்களிடையே வழங்கும் பேச்சு. நம் ஊரில் அந்த எட்டு மணி நேரமும் நிச்சயமில்லை. இந்தியச் சிறைகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் சுமார் 30 விழுக்காடு காலி. வராத ஆளின் வேலை வந்தவர் தலையில்தான் விழுகிறது.

ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கட்டிப்போடும் ஒரு விஷயம் உண்டு. உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்ற பயம் அது. ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை’ என்று ஒரு கைதி வாய் திறந்தால் என்ன நடக்கிறது? மேலைநாட்டுச் சிறைகள் பலவற்றில் உடைகளை வாங்கிக்கொண்டு, கிழிக்க முடியாத தடித்த அங்கியைக் கொடுத்து, விளக்கு அணையாத வெறும் அறையில் தனியே வைக்கிறார்கள். தனிச்செல்தான் ஆபத்து என்று ஆய்வுகள் சொல்ல, பாதுகாப்பு என்ற பெயரில் அதே தனிச்செல். (ஆபத்தில் இருப்பவரையே தனியே வைக்கும் இந்த வழக்கம் அந்த ஏழு மடங்கைக் கூட்டியும் காட்டியிருக்கலாம்.) இதை ஒருமுறை பார்த்த கைதி அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது ‘நல்லா இருக்கேன் சார்’ என்றுதான் சொல்வார். காவலர் மேலதிகாரியிடம் இதையே சொன்னால் ஆயுதப் பொறுப்பு போகும், வேறு பணிக்கு மாற்றுவார்கள், பதவி உயர்வுக் கோப்பில் ஒரு குறிப்பு ஏறும். ஆபத்தான நேரத்தில் இவரை நம்பிப் பக்கத்தில் நிற்கலாமா என்று சக காவலர்கள் யோசிப்பார்கள். அவரும் ‘நல்லா இருக்கேன் சார்’ என்றுதான் சொல்வார்.

இந்தப் பயத்தை உடைத்த ஒரு முயற்சி வேல்ஸின் ஸ்வான்சீ சிறையில் தொடங்கியது. 1990இல் அங்கே 15 வயதுச் சிறுவன் ஒருவன் தன்னை மாய்த்துக்கொண்டான். மறு ஆண்டு, தற்கொலைத் தடுப்பில் பல பத்தாண்டு அனுபவமுள்ள சமாரிட்டன்ஸ் அமைப்பு அங்கிருந்த கைதிகள் சிலருக்கே பயிற்சி கொடுத்தது. அவர்களுக்கு ‘லிஸனர்’ என்று பெயர். நடு இரவில் ஒரு கைதி கேட்டால் லிஸனர் அவர் அறைக்குப் போய் உட்கார்ந்து கேட்பார். கேட்டதை அதிகாரிகளிடம் கொண்டுபோக மாட்டார். இந்த ஒரு விதிதான் திட்டத்தின் உயிர். இன்று பிரிட்டனின் பெரும்பாலான சிறைகளில் லிஸனர்கள் இருக்கிறார்கள். நம் தேசிய மனித உரிமை ஆணையமும் 2023 ஜூனில் வெளியிட்ட அறிவுரையில், கைதிகளிலிருந்தே தோழர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறது. காலிப் பணியிடங்களை நிரப்பவும், காவலர்களுக்கு மனநலம் பற்றிய அறிவைப் புகட்டவும் அதே அறிவுரை கேட்கிறது. அங்கேயும் காவலர் பிறர் துயரத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாகத்தான் வருகிறார். அவருக்கும் துயரம் உண்டு என்பது இடம்பெறவில்லை.

தடுக்க முடியுமா என்று ஐயப்படுபவர்களுக்கு அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகள் பதில் சொல்கின்றன. லிண்ட்சே ஹேய்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வுகளின்படி, 1986இல் லட்சத்துக்கு 107ஆக இருந்த தற்கொலை விகிதம் 2006இல் 38ஆக இறங்கியது. உள்ளே வரும் அன்றே ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டார்கள், காவலர்களுக்குப் பயிற்சி தந்தார்கள், நெறிமுறைகளை எழுதிவைத்தார்கள். இதையெல்லாம் செய்து முடிப்பவர் யார்? இரவு ரோந்தில் ஒரு கைதி சாப்பாட்டைத் தொடவில்லை, யாரோடும் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டியவர் காவலர்தான். இரட்டை ஷிஃப்ட் பார்த்துத் தானே தூக்கமின்றி, தன் வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்போடு நடப்பவர் கண்ணுக்கு அது படாது. காவலரின் மனநலம் என்பது பணியாளர் நலச் சலுகை அல்ல, கைதியின் உயிர்ப் பாதுகாப்பில் ஒரு பகுதி.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. சிறை மருத்துவர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஐந்நூறு கைதிகளுக்கு ஒருவராவது வேண்டும் என்ற வழிகாட்டல் இருக்க, நாடு முழுவதற்கும் சிறைகளில் பணியில் இருக்கும் உளவியலாளர், மனநல மருத்துவர் எண்ணிக்கை வெறும் 25 என்று 2025ஆம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கை சொல்கிறது. நியமனங்களுக்கு ஆண்டுகள் பிடிக்கலாம். ஆனால் சிறைப் புள்ளிவிவர நூலில் காவலர் தற்கொலைக்கு ஒரு வரி சேர்க்கச் செலவு ஏதுமில்லை. காவலர் பேசுவதற்கு, அவருடைய பதவி உயர்வில் கையெழுத்துப் போடாத ஓர் ஆலோசகரை வெளியிலிருந்து அமர்த்த மாநில அரசின் ஓர் ஆணை போதும். தமிழ்நாட்டு அரசு இந்த இரண்டையும் இந்த ஆண்டே செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை சிறையில் இருந்தாலும், சிறைச் சீருடையில் இருந்தாலும், அவர் பேச்சு மாறியிருப்பதை முதலில் உணர்பவர் நீங்கள்தான். கைதி என்றால் மனு பார்க்கும் நாளிலேயே நல அலுவலரிடமோ கண்காணிப்பாளரிடமோ எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள். காவலர் என்றால் அவருக்காக நீங்களே தொலைபேசியை எடுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும், தமிழிலும் பேசலாம்.