சுழலும் வாணலியும் லெகோ கட்டைகளும்: ஆட்டிசக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பயிற்சியின் வரலாறு

1943-இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக மருத்துவ உலகில் பேசப்படத் தொடங்கியது. அதில் முதலில் வரும் டொனால்ட் என்ற சிறுவன் மரக்கட்டை, வாணலி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தரையில் சுழலவிட்டு, அது சுழல்வதைக் கண்டு குதித்து மகிழ்வான், தடுத்தால் அலறுவான். இக்குழந்தைகள் பொருள்களோடு நன்றாக ஒட்டிக்கொள்கிறார்கள், மனிதர்களோடுதான் ஒட்டுவதில்லை என்று கேனர் கண்டார். கூர்மையான அவதானிப்புதான். ஆனால் பின்னால் வந்தவர்களில் பலர் பொருளின் மீதான அந்தப் பற்றையே மனித உறவுக்குப் போட்டியாக எண்ணிவிட்டார்கள். விளையாட்டு வழியே சமூக, உணர்வுத் திறன்களை வளர்க்கும் முயற்சிகளின் வரலாறு, என் பார்வையில், அந்த எண்ணம் மெல்லத் தளர்ந்த வரலாறு.

1960-களில் கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ் வகுத்த பயிற்சியில் சரியான பதிலுக்குத் தின்பண்டமோ பாராட்டோ கிடைக்கும். குழந்தைக்குப் பிடித்தது அங்கே கூலியாக இருந்தது. 1985-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளிக்கிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசமுள்ள 20 குழந்தைகளில் 16 பேர், குண்டு உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டினார்கள். பிறர் மனத்தை ஊகிப்பதில்தான் குறை என்றால் அதைப் பாடமாகக் கற்பிக்கலாமே என்ற நம்பிக்கை இதிலிருந்து வலுத்தது. 412 உணர்வுகளை முகமும் குரலுமாகத் தொகுத்த கணினி மென்பொருள் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. அடுத்து, வண்டிகளுக்கு மனித முகம் பொருத்திய 'டிரான்ஸ்போர்ட்டர்ஸ்' படத்தொடர் வந்தது. சக்கரத்தை ரசிக்கும் குழந்தை கூடவே முகத்தையும் கவனிக்கட்டும் என்பது அதன் கணக்கு. நான்கு வாரம் பார்த்த குழந்தைகள் உணர்வுகளை அடையாளம் காண்பதில் தேறியதாக 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆஸ்திரேலியாவில் நடந்த இன்னொரு சோதனையில் பலன் சொற்பமாகவே இருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. திரையில் தெரியும் முகத்துக்குக் குழந்தையிடம் எந்தத் தேவையும் இல்லை.

டேனியல் லெகாஃப் 2004-இல் வெளியிட்ட லெகோ சிகிச்சை ஆய்வு இங்கேதான் வேறுபடுகிறது. லெகோவோடு வந்திருந்த இரண்டு சிறுவர்கள் காத்திருப்பு அறையில் தாமாகவே பேசிக்கொண்டதைக் கவனித்ததுதான் அதன் தொடக்கம். மூன்று குழந்தைகள் சேர்ந்து ஒரு வண்டி கட்ட உட்காருகிறார்கள். 'பொறியாளர்' கையில் மட்டும் வரைபடம். 'வழங்குநர்' முன்னால் மட்டும் கட்டைகள். 'கட்டுநர்' மட்டுமே பொருத்தலாம். சிவப்பு, எட்டுப் புள்ளி, மெல்லியது என்று ஒருவன் சொன்னால்தான் அடுத்தவன் எடுக்க முடியும். தவறானது வந்தால் கேட்டுத்தான் மாற்ற முடியும். முறை வந்ததும் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். வண்டி முடிய வேண்டும் என்ற ஆசையே பேச வைக்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று யாரும் அதட்டவேண்டியதில்லை.

குறுகிய ஆர்வத்தை இது இன்னும் குறுக்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தனியே கட்டும் குழந்தையைப் பற்றி அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இங்கே அதே ஆர்வம் இன்னொரு குழந்தை இல்லாமல் நிறைவேறாதபடி பிரிக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு மறுப்பு கனமானது: பிரிட்டனில் 98 பள்ளிகளில் 250 குழந்தைகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனை சிறிய முன்னேற்றத்தையே காட்டியது. இதை மழுப்பக்கூடாது. ஆனாலும் அங்கே அளக்கப்பட்டது ஆட்டிசமுள்ள ஒரு குழந்தையின் சமூகத் திறன், அதுவும் ஆசிரியர் இட்ட மதிப்பீட்டின்படி. ஆட்டிசமுள்ளவர், இல்லாதவர் என இருபுறமும் புரியாமை இருக்கிறது என்று, தாமே ஆட்டிசமுள்ளவரான டேமியன் மில்டன் 2012-இல் வாதிட்டார். ஆட்டிசமுள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு கதையை ஒருவர் வழியாக மற்றவருக்குக் கடத்தும்போது, ஆட்டிசமில்லாதவர்கள் அளவுக்கே அது சிதையாமல் போய்ச் சேர்ந்ததை எடின்பரோவில் நடந்த சோதனை 2020-இல் காட்டியது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. அப்படியானால் பொறியாளர் சொன்னது கட்டுநருக்கு எட்டாதபோது, குறையை ஒரே குழந்தையின் பெயருக்கு எதிரே மட்டும் குறித்துவைக்கும் அளவுகோலையும் நாம் மாற்றியாக வேண்டும்.