வாசிப்புத் திறன் அளவீடு: காஞ்சிபுரம் வட்டார வரலாறு

ஒரு குழந்தைக்கு வாசிக்கத் தெரியும் என்று எதை வைத்து முடிவு செய்வது? காஞ்சிபுரம் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இக்கேள்விக்கான விடை காலந்தோறும் மாறியுள்ளது.

திண்ணைப் பள்ளிகளில் மணலிலும் ஓலையிலும் எழுதப் பழகிய மாணவர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றை மனப்பாடமாக ஒப்பித்தனர். மாலையில் மாணவருக்குப் பூ, பறவை முதலியவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்பி, மறுநாள் கேட்கும் வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அங்கு சோதிக்கப்பட்டது பெரும்பாலும் நினைவாற்றலே.

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்தளித்தபடி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். படிவத்தில் சாதிக்கும் பாலுக்கும் கட்டங்கள் இருந்தன, வாசிப்புக்கு இல்லை. பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் மட்டும் 1823இல், மாணவர் பொருள் விளங்காமலே செய்யுள்களை ஒப்பிக்கின்றனர் என்று எழுதினார். இன்றும் பழுதாகாத கவனிப்பு அது.

பின்வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டார் சொல்லும் பதிலையே எழுத்தறிவாகக் கொள்கிறது. 2005இல் பிரதம் அமைப்பு தொடங்கிய ‘அசர்’ ஆய்வில்தான் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று, எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்கின்றனர். பள்ளிக்குப் போகாத பிள்ளையும் கணக்கில் வருகிறது. கோர்வைச் சேலைக்கு மறுபக்க நாடாவைத் தள்ளும் உதவியாளாகச் சிறுவர் தறியில் அமர்ந்த ஊருக்கு இது முக்கியம். ஆனால் ஆய்வு கிராமப்புறத்துக்கே உரியது. காஞ்சிபுரம் நகரத் தறிவீடுகள் அதில் அடங்கா.

எழுத்தின் இயல்பும் சோதனையைப் பாதிக்கிறது. ஸ்பானிய மொழியில் எழுத்தறிந்தவர் தெரியாத சொல்லையும் சரியாக உச்சரித்துவிடலாம். அதனால், ஒழுங்கற்ற எழுத்துக்கூட்டுடைய சொற்களைக் கொண்ட ஆங்கிலச் சோதனை அங்குப் பொருந்தவில்லை. அழுத்தக் குறி நீக்கிய சொற்களை வாசிக்கச் செய்யும் சோதனை உருவானது. தமிழும் ஏறத்தாழ அப்படித்தான்: ககரம் இடத்துக்கேற்ப ஒலி மாறினாலும் அதற்கு விதி உண்டு. எழுத்துகளைக் கற்ற பிள்ளை கதையைத் தடையின்றி உரக்க வாசித்தும் பொருள் அறியாதிருக்கலாம். அசரின் அடிப்படைக் கருவி சரளத்தையே பார்க்கிறது. காஞ்சிபுரத்துத் தேவாங்க நெசவாளர் போன்றோரின் வீடுகளில் பேச்சுமொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும்போது இந்த இடைவெளி இன்னும் விரியக்கூடும்.