கூடங்குளம் அணுஉலை: அழுத்தக்கலனும் காப்புக் கட்டடமும்

திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளத்தில் இயங்கும் ரஷ்ய வடிவமைப்பு விவிஇஆர்-1000 உலைகளில், 163 எரிபொருள் தொகுதிகளும் ஒரே எஃகு அழுத்தக்கலனுக்குள் அடங்கியுள்ளன. கலனில் ஓடும் நீர் 300 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிப்பதில்லை; வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 155 மடங்கு அழுத்தம் அதை நீராகவே வைத்திருக்கிறது. அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்பு வால்வுகள் திறந்துகொள்ளும்.

வால்வால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. நியூட்ரான்கள் இடைவிடாமல் தாக்குவதால் எஃகின் நெகிழ்திறன் குறைந்து, அது நொறுங்கும் இயல்பைப் பெறுகிறது. பம்பை மாற்றலாம், குழாயை மாற்றலாம். கலனை மாற்றுவது நடைமுறையில் இயலாது. எனவே அதே எஃகின் மாதிரித் துண்டுகளைக் கலனுக்குள்ளேயே வைத்து, குறித்த கால இடைவெளிகளில் எடுத்துச் சோதிக்கிறார்கள். உலையின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தச் சோதனைதான்.

கலனைச் சூழ்ந்து இரட்டைக் காப்புக் கட்டடம் நிற்கிறது. உட்சுவர் எஃகுத் தகடு பதித்த முன்தகைவுக் கான்கிரீட். வெளிச்சுவர் வலுவூட்டிய கான்கிரீட். இடைவெளியில் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு; கசிவது எதுவாயினும் வடிகட்டி வழியாகவே வெளியேறும். கலனே உருகித் துளைபட்டால், உருகிய எரிபொருளை ஏந்திக்கொள்ளும் தொட்டி அடியில் உள்ளது. மின்சாரம் அற்றுப்போனாலும் எஞ்சிய வெப்பத்தை வெளிக்காற்றின் இயல்பான ஓட்டமே அகற்றும்.

2011இல் ஃபுகுஷிமாவில் கட்டடங்களைத் தகர்த்த ஹைட்ரஜனைச் சமாளிக்க, அதை ஆக்சிஜனுடன் சேர்த்து நீராக்கும் வினையூக்கிக் கருவிகளும் இங்குள்ளன.