மேற்கு நோக்கி நகர்ந்த கிழிசல்

1939 டிசம்பர் 27. நள்ளிரவு கடந்து, கடுங்குளிரில் கிழக்குத் துருக்கியின் எர்சின்ஜான் நகரம் சரிந்து விழுந்தது. 7.8 அளவு நிலநடுக்கம். ஏறத்தாழ 33,000 பேர் மாண்டனர்.

அதோடு முடியவில்லை. 1942, 1943, 1944, 1957, 1967 என, எர்சின்ஜானைக் குலுக்கிய அதே வடக்கு அனத்தோலிய நிலப்பிளவில் பெரிய நடுக்கங்கள் மேற்கு நோக்கி நகர்ந்தன. நைந்த சேலையில் விழுந்த கிழிசல், இழுக்க இழுக்க நீள்வதைப் போல ஒன்று நின்ற இடத்தின் அருகே அடுத்தது தொடங்கியது.

இது ஏன்? பிளவு உடைந்த இடத்தில் பாறையின் இறுக்கம் தளரும். உடைப்பின் முனைகளுக்கு அப்பால் ஏறும். பத்து கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்து இதை அளக்க வழியில்லை. அதனால் நிலம் எவ்வளவு விலகியது என்பதை மேற்பரப்பில் அளக்கிறார்கள். பழைய நடுக்கங்களுக்கு முறிந்து விலகிய வேலிகளும் ஓடைகளும் சாட்சி. இன்று ஜிபிஎஸ் நிலையங்களும் ரேடார் செயற்கைக்கோள்களும் உண்டு. அந்த விலகலை வைத்து, அக்கம்பக்கப் பிளவுகளைப் பக்கவாட்டில் தள்ளும் விசை எவ்வளவு கூடியது, இரு பக்கப் பாறைகளையும் சேர்த்து அழுத்தும் பிடி எவ்வளவு தளர்ந்தது என்று கணக்கிடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் உராய்வு பற்றிச் செய்த ஆய்வே இதற்கு அடிப்படை. கிடைக்கும் விடை பெரும்பாலும் சில ‘பார்’ அளவுதான். கார் டயரில் அடைக்கும் காற்றழுத்தமே இரண்டு பாருக்கு மேல் இருக்கும்! ஆனால், நூற்றாண்டுகளாக இறுகிக் கிடக்கும் பிளவுக்கு அந்தச் சிறு கூடுதலே போதும்.

நிலநடுக்க ஆய்வாளர்களான ராஸ் ஸ்டைன், துருக்கியின் அய்குத் பார்க்கா, ஜேம்ஸ் டீட்ரிக் மூவரும் 1997இல் வடக்கு அனத்தோலியப் பிளவுக்கான இந்தக் கணக்கை வெளியிட்டனர். அந்தப் பிளவின் பத்து உடைப்புகளில் ஒன்பது, முந்தைய நடுக்கங்களால் இறுக்கம் ஏறிய இடங்களில் நிகழ்ந்திருந்தன. அடுத்த ஆபத்து இருக்கும் இடங்களில் ஒன்றாக இஸ்மித் நகரை அவர்கள் குறித்தார்கள்: முப்பது ஆண்டுகளில் 12 விழுக்காடு வாய்ப்பு.

12 விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு நகரமே உறங்கும் நிலத்துக்கு அது சிறிதல்ல. 1999 ஆகஸ்ட் 17, அதிகாலை 3 மணிக்கு இஸ்மித் குலுங்கியது. 17,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த உடைப்பு தன் கிழக்கு முனையில் இறுக்கத்தை ஏற்றியது. நவம்பர் 12 அன்று அங்கே டுஸ்ஜே நகரம் இடிந்தது.

எங்கே என்று சொல்ல முடிந்த கணக்கால் எப்போது என்று சொல்ல இயலவில்லை.  2000இல் டாம் பார்சன்ஸ் தலைமையில் பார்க்காவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, அடுத்த முப்பது ஆண்டுகளில் இஸ்தான்புல் பலமாகக் குலுங்கும் வாய்ப்பை 62 விழுக்காடு என்று மதிப்பிட்டது. அந்தக் கெடு 2030இல் முடிகிறது. மர்மரா கடலடியில் இஸ்தான்புல்லை ஒட்டிய பிளவுத் துண்டு இன்னும் பெரிதாக உடையவில்லை.