ஈ.பி. கார்டும் பதினாறு மார்க்கும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பேத்தி மந்தைவெளி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "தாத்தா, நம்ம வீட்டு ஈ.பி. கார்டு எங்க இருக்கு?" என்றாள். அவள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் பொறியியல் படிக்கிறாள். சுற்றுச்சூழலும் நிலைத்த தன்மையும் என்று ஒரு பாடம். அதில் ஒரு அசைன்மென்ட், பத்து மார்க். வீட்டில் மின்சாரம் எங்கே போகிறது என்று கணக்கெடுத்து எழுத வேண்டும்.

"கார்டு பழசும்மா, இப்போ எல்லாம் போன்ல மெசேஜா வருதே" என்றேன். ஆனாலும் அலமாரியிலிருந்து பழைய வெள்ளை அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கு ஒரு பழைய விடைத்தாள் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணம். ஆனால் முதலில் கொஞ்சம் சரித்திரம். நம் ஊரில் மாணவனை எப்படி எடைபோட்டார்கள் என்று தெரிந்தால்தான் அந்த விடைத்தாளின் கதை புரியும்.

கிண்டி பொறியியல் கல்லூரியின் ஆரம்பம் 1794-ல், கோட்டைக்குப் பக்கத்தில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. எட்டுப் பையன்களோடு மைக்கேல் டாப்பிங் ஆரம்பித்தது. சங்கிலியையும் கருவியையும் தூக்கிக்கொண்டு நிலத்தை அளப்பதுதான் அங்கே படிப்பு, அதுவேதான் பரீட்சையும். வரைபடம் தப்பாக இருந்தால் ஏரியின் கரை வேறு இடத்தில் விழும். அதை மறைக்க முடியாது.

பிறகு 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்தது அது. நெடுங்காலம் அது பாடம் நடத்தவே இல்லை. கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும். அதன் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். சிசோம் கட்டிய செனட் ஹவுஸை மெரினாவில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், ஒரு பல்கலைக்கழகத்தின் பெரிய அடையாளமாக நமக்கு அமைந்தது பரீட்சைதான் என்று. பாடம் நடத்துகிறவர் ஒருவர், திருத்துகிறவர் வேறொருவர். இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் உண்டு. யாருடைய பிள்ளை என்று பார்க்காமல் திருத்தலாம். ஒரு குறையும் உண்டு. அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்து எதை எழுதுகிறது என்பதும் தெரியாமல் போகும்.

நான் கிண்டியில் 1967-லிருந்து 1972 வரை படித்தேன். பி.யூ.சி. முடித்து ஐந்து வருஷப் படிப்பு. மந்தைவெளியிலிருந்து எல்ஃபின்ஸ்டன் பாலம் தாண்டி, அடையாறு வழியாக சைக்கிள். வருஷக் கடைசியில் பரீட்சை. வருஷம் பூராவும் விளையாடிவிட்டு ஏப்ரலில் கண் விழித்தவர்கள் எங்களில் ஏராளம். ரிசல்ட் வரும் நாளில் ஹிந்து பேப்பரில் நம்பரைத் தேடுவோம். மின்சாரம் எனக்கு முதன்மைப் பாடம். கொதிகலன், டர்பைன், ஜெனரேட்டர், நெய்வேலி எல்லாம் படித்தோம். எப்படி உற்பத்தி செய்வது என்று கேட்பார்கள். எப்படி மிச்சம் பிடிப்பது என்று அந்த ஐந்து வருஷத்தில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதாக நினைவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது 1973 அக்டோபரில் ஆரம்பித்த எண்ணெய் நெருக்கடி. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. எரிசக்தி என்ற சொல் அதற்குப் பிறகுதான் எங்கள் பேச்சில் வந்தது. மத்திய அரசில் மரபுசாரா எரிசக்திக்கென்று 1982-ல் தனித் துறை வந்தது. தமிழ்நாட்டில் டெடா 1985-ல். கிண்டி வளாகத்திலேயே எரிசக்திக்கென்று தனி ஆய்வு நிலையமும், முதுநிலைப் படிப்பும் ஏற்பட்டன.

இதற்கிடையே மதிப்பிடும் முறையும் மாறியது. அடையாற்றுப் பக்கம் 1959-ல் வந்த ஐ.ஐ.டி.யில் பாடம் எடுக்கும் ஆசிரியரே கேள்வித்தாள் தயாரித்து, அவரே திருத்துவார். க்விஸ், அசைன்மென்ட், கடைசியில் எண்ட்-செம். மார்க்குக்குப் பதில் எழுத்து. எஸ் என்றால் 10, ஏ என்றால் 9, இப்படி இறங்கி யூ என்றால் பூஜ்யம். லயோலாவுக்கும் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் 1978-ல் தன்னாட்சி கிடைத்தது. அதே வருஷம் அண்ணா பல்கலைக்கழகமும் பிறந்தது. ஆனால் 2001 கடைசியில் மாநிலம் முழுவதிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளை அதன் கீழ் கொண்டுவந்தபோது, லட்சக்கணக்கான விடைத்தாள்கள் ஒரே மாதிரி திருத்தப்பட வேண்டியதாயிற்று. மறுபடியும் 1857 கதைதான்.

சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானது நீதிமன்றத்தால். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் உத்தரவு போட்டது. அது சரியாக நடக்கவில்லை என்று 2003 டிசம்பரில் மறுபடி கண்டிப்பாகச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு, எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவான ஒரு பாடத்திட்டம் தயாரித்தது. மொத்தம் 50 மணி நேரம். எரிசக்தி வளங்கள் அதில் ஒரு பகுதி. மார்க்கை அவர்கள் பிரித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. சிறு வினாக்களுக்கு 25, கட்டுரை வினாக்களுக்கு 50, வெளியே போய்ப் பார்த்து எழுதும் களப்பணிக்கு 25. நூற்றில் கால் பங்கு வகுப்புக்கு வெளியே! அந்தப் பெரியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள்.

நடந்தது வேறு. நான் 2008-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எம்.இ. பட்டம் இருந்ததால் ஒரு தனியார் கல்லூரியில் ஏழு வருஷம் பாடம் எடுத்தேன். பெயர் வேண்டாம். அங்கே பிள்ளைகள் கேள்விகளை "டூ மார்க்", "சிக்ஸ்டீன் மார்க்" என்றுதான் சொல்வார்கள். பகுதி அ-வில் பத்து இரண்டு மார்க், பகுதி ஆ-வில் ஐந்து பதினாறு மார்க். பதினாறு மார்க் என்றால் எத்தனை பக்கம், எத்தனை தலைப்பு, எங்கே படம், எங்கே அடிக்கோடு என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். களப்பணி என்பது போன வருஷத்து ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதுவது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்தது. அதைப் பார்க்காமலேயே பாதி வகுப்பு அதைப் பற்றி எழுதியிருந்தது.

இப்போது அந்த விடைத்தாள். 2012 கடைசி. சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு, வெளி மாவட்டங்களில் பல இடங்களில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம். ஒரு மதிப்பீட்டு முகாமில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்பது முக்கியமில்லை. கேள்வி: வீடுகளில் மின்சாரத்தைச் சேமிக்கும் வழிகளை விளக்குக. பதினாறு மார்க். கையில் விடைக்குறிப்பு. சி.எஃப்.எல். விளக்கு, ஸ்டார் முத்திரை உள்ள ஃபிரிட்ஜ், சோலார் வாட்டர் ஹீட்டர் என்று எட்டுக் குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க்.

ஒரு தாளில் தலைப்பே இல்லை. திக்கித் திணறும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். எங்கள் கிராமத்தில் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது, வந்தவுடன் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மோட்டார், கிரைண்டர், மிக்ஸி எல்லாம் ஓடும், வோல்டேஜ் இறங்கி டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ் போகும், மறுபடி இருட்டு. தெருத் தெருவாக முறை வைத்துக்கொண்டால், மோட்டார் ஒரு தெரு, கிரைண்டர் ஒரு தெரு என்று மாற்றிக்கொண்டால், எல்லோருக்கும் கிடைக்கும். இதுதான் விடை.

விடைக்குறிப்பில் இருந்த எட்டில் ஒன்றோ இரண்டோதான் ஒட்டியது. ஐந்து மார்க் போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன்.

அன்று இரவு அறையில் கரண்ட் போனது. விசிறிக்கொண்டு படுத்திருந்தபோது உறைத்தது. அந்தப் பிள்ளை எழுதியது உச்சநேரப் பளுவைப் பகிர்ந்து சமாளிப்பது. முப்பது வருஷம் நான் சம்பளம் வாங்கிய வேலையே அதுதான். புத்தகத்தில் ஒரு அத்தியாயமாக இருப்பதை, புத்தகம் படிக்காமலே தன் தெருவைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறது. மறுநாள் காலை சீக்கிரம் போய்க் கேட்டேன். கட்டு சீல் வைத்துப் போய்விட்டது. தாளில் டம்மி நம்பர்தான். பையனா, பெண்ணா, பாஸா, ஃபெயிலா, எதுவும் எனக்குத் தெரியாது. விடைக்குறிப்பின் மேல் பழி போடலாம். ஆனால் தலைமைத் தேர்வாளர் பக்கத்து அறையில்தான் இருந்தார். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அதற்குப் பரிகாரம் போல, அடுத்த வருஷம் என் வகுப்பில் களப்பணியை மாற்றினேன். அவரவர் வீட்டு ஈ.பி. கார்டைக் கொண்டுவர வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் வாட்டையும், ஓடும் நேரத்தையும் எழுதி, கூட்டி, பில்லோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் மார்க் இல்லை, ஏன் ஒத்துப்போகவில்லை என்று சொன்னால்தான் மார்க் என்று அறிவித்தேன். காரணம் இருக்கிறது. ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் போட்ட நேரமெல்லாம் முழு வாட்டில் ஓடுவதில்லை, கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும். 40 வாட் டியூப் லைட்டுக்குப் பழைய சோக் தனியாகப் பதினைந்து வாட் தின்னும். ஆகவே முதல் கணக்கு உதைத்தே தீரும். பில்லோடு யூனிட் பிசகாமல் பொருந்திய தாளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பில்லை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டவன் அவன்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு நடத்தும் எனர்ஜி ஆடிட்டர் பரீட்சை 2004-லிருந்து நடக்கிறது. அதன் நான்காவது தாளைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். எல்லாச் சூத்திரமும் எதிரில் இருந்தாலும், கொதிகலனில் வெப்பம் எங்கே வீணாகிறது என்று தெரியாதவனால் எழுத முடியாது. அந்தத் தாளை வைத்துதான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் அகமதிப்பீடு முன்பிருந்த 20-லிருந்து 40 ஆகிவிட்டது. எழுத்துத் தேர்வுக்கு 60. பத்து மார்க் அசைன்மென்ட் என்று பேத்தி வந்து நின்றதற்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. நாற்பதும் ஆசிரியர் கையில் என்றால் தாராளமாக அள்ளிப் போடுவார்கள் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நடக்கலாம். ஆனாலும் எழுதிய பிள்ளையின் முகம் தெரிந்தவர் திருத்துகிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

இரண்டு நாள் அவளும் நானும் மீட்டர் பெட்டிக்கும் சமையலறைக்கும் நடந்தோம். என் அறை மின்விசிறி 75 வாட், பதினாறு மணி நேரம் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். புது மாதிரி பி.எல்.டி.சி. விசிறி 30 வாட், 29 யூனிட்தான் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அரசு கொடுத்துவந்த இலவச யூனிட்டே இரண்டு மாதத்துக்கு 100 தான். எனக்கே வெட்கமாகிவிட்டது.

வாய்மொழித் தேர்வில் ஆசிரியை அவளிடம், "ஃபிரிட்ஜுக்கு 24 மணி நேரம் போடாமல் ஏன் 9 மணி போட்டாய்?" என்று கேட்டிருக்கிறார். "ராத்திரியும் பகலுமா கம்ப்ரஸர் எப்போ ஓடுது, எப்போ நிக்குதுன்னு தாத்தா வாட்ச்சை வச்சுப் பார்த்தேன் மேடம்" என்றாளாம். பத்துக்கு எட்டு கிடைத்தது. அட்டவணைகளுக்குத் தலைப்பு எழுதாததால் இரண்டு போய்விட்டது.

அதைக் கேட்டதும் தலைப்பே இல்லாத அந்த இரண்டு பக்கம்தான் கண் முன்னால் வந்தது. அதை எழுதிய பிள்ளைக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.