ஃபின்லாந்து சவுனா

சவுனா என்பது ஃபின்லாந்து மக்களின் மரபான வெப்பக் குளியல். குளிக்கும் மர அறைக்கும் அதுவே பெயர். ஏறத்தாழ 55 இலட்சம் பேர் வாழும் நாட்டில் சவுனாக்கள் 30 இலட்சத்துக்கும் மேல். ஏரிக்கரைக் குடில், அடுக்குமாடி வீடு, நாடாளுமன்றக் கட்டடம் என எங்கும் உண்டு. வெளிநாட்டு விடுதிகளில் ஆடம்பரமாக விற்கப்படுவது அங்கே அன்றாட வழக்கம். 2020-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அறையின் வெப்பம் பெரும்பாலும் 80 முதல் 100 பாகை செல்சியஸ். காற்று உலர்ந்திருப்பதாலேயே உடல் இதைத் தாங்குகிறது. ‘கியுவாஸ்’ எனும் அடுப்பின்மேல் அடுக்கிய கற்களில் அகப்பையால் நீர் ஊற்றினால் குப்பென்று ஆவி எழும், அதுவே ‘லோய்லு’. சவுனாவின் தரத்தை ஃபின்னியர் இதை வைத்தே எடைபோடுவர். வியர்த்தபின் பிர்ச் இலைக்கொத்தால் உடலை அடித்துக்கொண்டு, ஏரியிலோ, குளிர்காலமானால் உறைபனியில் வெட்டிய துளையிலோ முங்கி எழுவர்.

பழமையானது புகைச் சவுனா. அதற்குப் புகைபோக்கி கிடையாது. பல மணி நேரம் விறகெரித்து, புகையை வெளியேற்றிய பின்பே உள்ளே செல்வர். வெதுவெதுப்பும் வெந்நீரும் கிடைத்த இடம் என்பதால் முற்காலத்தில் பிரசவம் அங்கேயே நடந்தது. இறந்தோரையும் அங்கே கழுவினர். இறைச்சிக்குப் புகையூட்டவும் அது பயன்பட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சவுனாவில் குளிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

ஆடையோடு பதவியும் வாசலிலேயே கழன்றுவிடும் என்பது நம்பிக்கை. அதிபர் ஊர்ஹோ கெக்கோனன் அதை அரசியலுக்கும் பயன்படுத்தினார்: 1960-இல் தம் 60-ஆம் பிறந்தநாளுக்கு வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவைச் சவுனாவுக்கு அழைத்துச் சென்றார்.

வெப்பத்தில் இரத்த நாளங்கள் விரிந்து, இதயத்துடிப்பு மிதமான உடற்பயிற்சியின்போது போல உயர்கிறது. கிழக்கு ஃபின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2015-இல் வெளியானது. வாரம் 4 முதல் 7 முறை குளித்தவர்களிடையே திடீர் இதய மரணம், ஒரு முறை மட்டும் குளித்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் உடல்நலம் உள்ளவரே அடிக்கடி குளித்திருக்கவும் கூடும். காரணம் சவுனாதான் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மது அருந்திவிட்டு உள்ளே செல்வது ஆபத்து. நிலையற்ற இதயநோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

பொறுத்துக்கொள்வதைப் பந்தயமாக்கிய முயற்சியும் நடந்தது. ஹெய்னோலா நகரில் 1999 முதல் நடந்த உலகப் போட்டியின் 2010 இறுதிச்சுற்றில் போட்டியாளர் ஒருவர் இறந்தார். அதன்பின் அப்போட்டி நடத்தப்படவில்லை.