மாயாவியர் இருவர்: தமிழ்ச் சித்திரக்கதை மாந்தரும் பெயர் வழக்கும்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், ஏற்காட்டினின்றும் உள்ளடங்கிய மாரமங்கலத்தில், 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சிறுவர் இருவர் தம்முள் இட்ட வழக்கொன்று இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. மாயாவிக்கு வலக்கை இரும்பாலானது, அவன் உடல் கண்ணுக்குப் புலனாகாது என்றான் ஒருவன். மாயாவி முகமூடி அணிந்தவர், வெண்புரவி ஊர்பவர், மண்டையோட்டு முத்திரை பதித்த மோதிரம் உடையவர் என்றான் மற்றவன். இருவரும் நூலிற் கண்டதையே கூறினர். எனினும், ஒருவனை ஒருவன் பொய்யன் என்றனர். ஏற்காடு சென்று மீள்வார் கொணரும் சில இதழ்களே அவ்வூர்ச் சிறுவர்க்குக் கிட்டின ஆதலின், ஒருவன் படித்தது மற்றவன் கைக்கு எட்டவில்லை. மூத்தோர் ஒருவர் இருவகை இதழையும் அருகருகே வைத்துக் காட்டிய பின்னரே வழக்குத் தீர்ந்தது. அவ்விருவருள் ஒருவன் இக்கட்டுரையாசிரியன்.

இது சிறுபிள்ளை விளையாட்டு எனத் தள்ளத்தக்கதன்று. ஒரு பெயர் இருவர்க்கும், ஒருவர்க்கே இரு பெயரும் வழங்கியமை, தமிழில் அயல்நாட்டுக் கதைமாந்தர் குடியேறிய வரலாற்றின் ஒரு கூறாகும். சித்திரக்கதை வாசகர் தம் விருப்பத்துக்குரிய மாந்தரைப் பற்றி உரையாடுங்கால், அவ்வுரையாடல் பெரிதும் பெயரையே பற்றி நிகழ்கின்றது. ஓவியம் அயல்நாட்டது, கதையும் அயல்நாட்டது, பெயர் ஒன்றே தமிழ்ப் பதிப்பாசிரியரும் வாசகரும் படைத்துக்கொண்டது. அப்பெயர் வழக்கினை ஆராய்வதே ஈண்டு நோக்கமாம்.

இரும்புக்கை மாயாவி

1962ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்னும் தொடர் தோன்றிற்று. அதனைத் தொடக்கத்தில் எழுதியவர் கென் புல்மர். பின்னர் எழுதியவர் டாம் டல்லி. ஓவியர் எசுப்பானியரான எசூசு பிளாசுகோ. ஆய்வுக்கூட உதவியாளனான லூயி கிராண்டல் விபத்தில் வலக்கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொள்கின்றான். மின்னாற்றல் உடலிற் பாயுங்கால் அவன் உருவம் மறைய, அக்கை ஒன்றே வெளியில் மிதப்பது போற் காட்சியளிக்கும். முதற்கதையிற் குற்றவாளியாகத் திரிந்த அவன், பிற்கதைகளில் நாட்டினைக் காக்கும் உளவுப் படையில் அமைகின்றான்.

சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழாக, 1972ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இக்கதை 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரால் வெளிவந்தது. அவ்விதழின் தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். இப்பெயர் மூலப் பெயரின் மொழிபெயர்ப்பன்று. மூலப் பெயர் கருவியை மட்டுமே சுட்டுகின்றது: எஃகினாலாய கூருகிர் என்பதே அதன் நேர்பொருள். தமிழ்ப் பெயரோ கருவியை அடையாக்கி, அதனை உடைய ஆளைத் தலைமைச் சொல்லாக நிறுத்துகின்றது. எஃகு என்னும் சொல் இருக்கவும், சிற்றூரார் நாவிற் பழகிய இரும்பு என்னும் சொல்லே கொள்ளப்பட்டது. உகிர் கை ஆயிற்று. இரும்பாலாய கை இரும்புக்கை. இரும்புக்கையை உடைய மாயாவி இரும்புக்கை மாயாவி. உருபும் பயனும் தொக்கு நின்ற இத்தொடரில் கதையின் இரு பெருங்கூறுகளும், அஃதாவது எஞ்சும் கையும் மறையும் உடலும், ஒருங்கே அடங்கின. மூலப் பெயர் முதற் கூறினை மட்டுமே கூறிற்று. இரண்டாவதனைக் கூறியது தமிழே.

மாயாவி என்னும் வடசொல் தமிழ்ச் சிறுவர்க்குப் புதிதன்று. இராமாயணக் கதையில் வாலியொடு பொருது பிலத்துட் புகுந்த அசுரன் பெயர் மாயாவி. நாட்டுப்புறக் கதைகளிலும் உரு மாறுவோர், உரு மறைவோர் மாயாவியர் எனப்படுவர். மின்சாரத்தால் மறைபவனுக்கு இப்பெயர் இட்டமையால், அறிவியற் புனைகதை ஒன்று பாட்டி கதையின் வழியில் வந்து சேர்ந்தது.

வேதாளமும் வேதாளரும்

அமெரிக்கரான லீ ஃபாக் படைத்த 'ஃபேண்டம்' என்னும் முகமூடி வீரர் 1936ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாளிதழ்த் தொடராகத் தோன்றினார். மண்டையோட்டு வடிவான குகையில் வாழ்பவர். தந்தைக்குப் பின் மைந்தர் அவ்வேடம் பூணுதலால் இறவாதவர் என நம்பப்படுபவர். 1964ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கப்பெற்ற இந்திரஜால் காமிக்ஸ் இவரை இந்திய மொழிகள் பலவற்றுள்ளும் பரப்பிற்று.

ஒவ்வொரு மொழியும் இவர்க்கு இட்ட பெயரை ஒப்புநோக்குதல் பயன் தரும். இந்தியில் இவர் 'வேதாள்'. வங்கத்தில் 'அரண்யதேவ்', அஃதாவது கானகக் கடவுள். வங்கப் பெயர் வீரரின் இடத்தையும் தலைமையையும் நோக்கிற்று. இந்திப் பெயர் அச்சுறுத்தும் ஆவித்தன்மையை நோக்கிற்று. தமிழும் பின்னதனையே மேற்கொண்டது. ஆயின், தமிழ் அத்துடன் நில்லாது சொல்லின் ஈற்றில் தன் இலக்கணத்தைச் செலுத்திற்று.

வேதாளம் என்பது தமிழில் அஃறிணைச் சொல். 1947ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா இதழ் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளைப் பல்லாண்டு வெளியிட்டது. வேதாளம் ஏறிய பிணத்தைத் தோளிற் சுமந்து வாளேந்திச் செல்லும் மன்னனை வரைந்த ஓவியர் சங்கரின் சித்திரம் இரு தலைமுறையினர் நெஞ்சில் நிலைபெற்றது. அங்கு வேதாளம் அது எனச் சுட்டப்படுவது, மரத்திற் தொங்குவது. முகமூடி வீரர்க்கு அதே பெயரை இட்டபொழுது அஃறிணை ஈறு பொருந்தாதாயிற்று. எனவே, மகரம் கெட்டு உயர்திணை ஈறு வந்து சேர்ந்தது. வேதாளன் என்னும் ஆண்பாற் சொல்லும், அதனினும் மேலாக வேதாளர் என்னும் உயர்வுச் சொல்லும் வழங்கின. ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல்லைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துட் கூறியுள்ளமை அறிஞர் அறிவர். பேயின் பெயர் பெரியார் பெயராய் உயர்ந்தமைக்கு 'அர்' என்னும் ஈறு ஒன்றே போதியதாயிற்று.

பெயர் மாற்றமும் வாசகர் பூசலும்

1984ஆம் ஆண்டு தமிழ்ச் சித்திரக்கதை வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. தினத்தந்தி குழுமத்தினர் அ. மா. சாமியை ஆசிரியராகக் கொண்டு ராணி காமிக்ஸைத் தொடங்கினர். அதே ஆண்டில் சௌந்தரபாண்டியனின் மைந்தர் எஸ். விசயன் சிவகாசியில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முன்னதில் சேம்சு பாண்டும் பின்னதில் மாடசுடி பிளைசியும் முதற்கண் தோன்றினர்.

ராணி காமிக்ஸ் பின்னர் ஃபேண்டம் கதைகளை வெளியிட முற்பட்டபொழுது வேதாளர் என்னும் பெயரைக் கொள்ளாது, 'முகமூடி வீரர் மாயாவி' எனப் பெயரிட்டது. முத்து காமிக்ஸ் வாசகர் நாவில் மாயாவி என்பது ஏற்கெனவே மற்றொருவர்க்கு உரிய பெயர். மாரமங்கலத்துச் சிறுவரின் வழக்கு தோன்றிய இடம் இதுவே. அண்டை மொழியாகிய மலையாளத்தில் 1984ஆம் ஆண்டு முதல் பாலரம இதழில் வரும் மாயாவியோ, சிறார்க்கு உதவும் குட்டிச்சாத்தான். ஆகவே, ஒரே சொல் மூவர்க்கு உரியதாயிற்று.

இவ்விடத்து ஒன்று நோக்கற்பாலது. முகமூடி வீரர் உரு மறைபவரல்லர், மாயம் செய்பவருமல்லர், தோள்வலியும் துமுக்கியுமே அவர் துணை. அவரை மாயாவி என்றல் பொருளளவில் பொருந்தாது. இரும்புக்கையனுக்கே அப்பெயர் இயல்பாகப் பொருந்தும். எனினும், ராணி காமிக்ஸ் வழியே அவரை முதலில் அறிந்தோர் இன்றும் மாயாவி என்றே குறிப்பர்; முத்து காமிக்ஸ் வழியே அறிந்தோர் வேதாளர் என்பதை விட்டுக்கொடார். முத்து குழுமத்தார் அண்மையில் அக்கதைகளை மீண்டும் வெளியிட்டபொழுதும் வேதாளர் என்னும் பெயரையே பேணினர். சொற்பொருத்தத்தினும் முதற்பழக்கமே வலிது என்பது இதனாற் பெறப்படும். ஒருவர் எப்பெயரால் ஒரு மாந்தரைச் சுட்டுகின்றார் என்பதைக் கொண்டே, அவர் எவ்விதழைப் படித்து வளர்ந்தார் என உய்த்துணரலாம்.

வாசகர் இட்ட பெயர்கள்

பதிப்பாசிரியர் இட்ட பெயரொடு வாசகர் அமையவில்லை. 1948ஆம் ஆண்டு இத்தாலியில் சான் லூய்சி பொனெல்லியும் ஔரேலியோ கலெப்பினியும் படைத்த டெக்ஸ் வில்லர் 1985ஆம் ஆண்டு லயன் காமிக்ஸில் தமிழ் பேசத் தொடங்கினார். மூலக் கதையில் நவகோ குடியினர் அவரை இரவின் கழுகு என அழைப்பர். தமிழில் அது இரவுக் கழுகார் ஆயிற்று; நரைமுடியுடைய அவர் தோழர் கார்சன் வெள்ளிமுடியார் ஆயினார். ஈண்டும் 'ஆர்' ஈறு தன் தொழிலைச் செய்தமை காண்க.

1963ஆம் ஆண்டு பிரான்சில் சார்லியேயும் சிரோவும் படைத்த புளூபெர்ரி என்னும் படைத்தலைவர் தமிழில் கேப்டன் டைகர் எனப் பெயர் மாறினார். டெக்ஸைத் தல என்றும், டைகரைத் தளபதி என்றும் வாசகர் வழங்கினர். இவை திரைப்பட நடிகர்க்கு அவர்தம் அன்பர் இட்ட பெயர்கள். இவருள் யார் சிறந்தார் என்னும் பூசலும் திரைப்பட அன்பர் பூசலின் சாயலையே உடையது. டெக்ஸ் ஒருகாலும் தோற்பதில்லை என்பது ஒருசாரார்க்குப் பெருமை, மறுசாரார்க்குக் குறை. டைகர் பிழை செய்பவர், வஞ்சிக்கப்படுபவர், படையினின்றும் நீக்கப்படுபவர் என்பதே பின்னவர் அவரை விரும்புதற்குக் காரணம். காப்பியத் தலைவன் குறையிலனாதல் வேண்டுமா, குறையுடையனாயினும் அமையுமா என்னும் பழைய வினாவினையே இவர்கள் ஆராய்கின்றனர் எனின் அது மிகையன்று. இயந்திரமனிதன் ஆர்ச்சியைச் சட்டித்தலையன் என அன்பாற் பழித்தலும் இவ்வகையினதே.

மலைநாட்டு வாசகர் நோக்கு

வேதாளர் கதையில் வெள்ளையர் ஒருவர் கானகக் குடிகளுக்குத் தலைவராகவும், அக்குடிகள் அவர்க்கு ஏவலராகவும் காட்டப்படுதல் குடியேற்ற ஆட்சிக் காலத்து நோக்கின் விளைவு. இதனை மறைத்தல் தகாது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் சேர்வராயன் மலையில் அக்கதையைப் படித்த சிறுவர் தம்மை யாருடன் ஒன்றிக் கண்டனர் என்னும் வினா எழுகின்றது. இக்கட்டுரையாசிரியர் அறிந்தவரையில், மாரமங்கலத்துச் சிறுவர் வேதாளரை வெள்ளையர் என எண்ணிற்றிலர். முகமூடியும், கண்மணி வரையப்பெறாத கண்களும் அவர் நிறத்தையும் நாட்டையும் மறைத்தன. பெயரோ தமிழ்ப் பெயர்.

மற்றொன்றும் உண்டு. அம்மலையின் உச்சியில் குகை போன்ற கோயிலில் சேர்வராயன் உறைகின்றார். மே மாதத்தில் மலைக்குடியினர் அவர்க்கு விழா எடுப்பர். குகையில் உறைந்து மலையையும் மக்களையும் காக்கும் தலைவர் என்னும் கருத்து அவ்வூர்ச் சிறுவர்க்கு அமெரிக்காவினின்றும் வரவேண்டியதன்று. இஃது ஒப்புமையே, தொடர்பு கூறுதல் இயலாது. ஆயினும், அயற்கதை ஒன்று வேரூன்றுதற்கு நிலம் முன்னரே பண்பட்டிருந்தது எனக் கொள்ளலாம். பெயர் தமிழாயினமையால் கதையின் குறை நோக்கப்படாது போயிற்று என்பதும் உண்மை. பெயரின் ஆற்றல் இருமுனையும் கூரியது.

முடிவுரை

ராணி காமிக்ஸ் 2005ஆம் ஆண்டொடு நின்றது. முத்து காமிக்ஸ் 2022ஆம் ஆண்டில் ஐம்பது ஆண்டு நிறைந்தது. மலிவான தாளில் அச்சிடப்பெற்ற பழைய இதழ்கள் கைமாறிக் கிழிந்தும் பழந்தாளாய் விலைப்பட்டும் பெரிதும் அழிந்தன. எஞ்சியவை நூலகங்களைவிடத் தனி வாசகர் பெட்டிகளிலேயே மிகுதியாக உள்ளன. எக்கதை எத்தலைப்பில் வந்தது, எம்மாந்தர் எப்பெயர் பெற்றார் என்னும் செய்திகளும் அவ்வாசகர் நினைவிலேயே தங்கியுள்ளன. நூற்பட்டியலில் 'மாயாவி' என்று மட்டும் குறிப்பின், நாளை வரும் ஆய்வாளர் இருவரை ஒருவராகவும், வேதாளரையும் முகமூடி வீரரையும் இருவராகவும் கொள்ளுதல் கூடும்.

ஆதலின், தமிழ்ச் சித்திரக்கதை மாந்தர்க்கு, மூலப் பெயர், தமிழ்ப் பெயர்கள், இதழ், ஆண்டு, வாசகர் வழக்கு ஆகியவற்றை நிரல்படக் காட்டும் பெயரகராதி ஒன்று தொகுக்கப்படல் வேண்டும். முதுகலை மாணவர் இருவர் மூவர் கூடி ஈராண்டில் முடிக்கத்தக்க பணி இது. அதற்கு வேண்டும் சான்றுகளைத் தருவோர் கல்விக்கூடங்களில் அல்லர்; பழைய இதழ்களைப் பேணி, ஈரோட்டிலும் சென்னையிலும் புத்தகத் திருவிழாக்களிற் கூடி, மாயாவி யார் என்று இன்றும் வழக்கிட்டுக்கொண்டிருப்போரே ஆவர். அவர்தம் நரை முதிருமுன் அவர்பாற் சென்று கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் தமிழ்த்துறையின் கடன்.